அவள் தின்ற தேங்காய் பன்

கடுகு வெடித்து முடித்து, மிளகாய் வற்றல் கறுக்கும் முன்னே கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, எண்ணெய் சடசடத்து அடங்குகிற அந்த ஒரு நொடியில் என் கை தானாக மேல்தட்டுக்குப் போகிறது, அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகிறது, பதினேழு வருஷமாக இப்படித்தான், பெருங்காயம் இந்த அடுப்படியை விட்டுப் போய் அத்தனை வருஷம் ஆகிவிட்டது, கைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை, பாழாய்ப்போன கை, ஏன் விட்டுப் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னது ஒரு பொய், அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல பொய்தான் போலிருக்கிறது, ரசம் நுரை கட்டி வருகிறது, கூடத்தில் சிரிப்புச் சத்தம், சிரிப்பது என் மகள் செண்பகா, இருபத்தாறு வயது, எதிரே பிரம்பு நாற்காலியில் இசக்கிராஜா, தை மாதம் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், திருநெல்வேலியிலிருந்து காலை வண்டியில் வந்திருக்கிறான், கையில் ஒரு கோடு போட்ட நோட்டு, செண்பகாவுக்கு எது சேரும் எது சேராது, எந்த மாவு, எந்தப் பொடி, எல்லாம் அத்தைகிட்ட கேட்டு எழுதிக்கிடுதேன் என்று வாசலிலேயே சொன்னான், நல்ல பிள்ளை, எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது.

நான் சின்னப் பிள்ளையில பெரிய திருடி, தெரியுமா ஒங்களுக்கு என்று தொடங்குகிறாள் செண்பகா, தொடங்கியாயிற்று, இந்தக் கதையை அவள் யாரிடம்தான் சொல்லவில்லை, கல்லூரி விடுதியில் சொன்னாள், வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சொன்னாள், அவள் சொல்லத் தொடங்கினால் நான் துணி எடுக்க மாடிக்குப் போய்விடுவேன், இல்லையென்றால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன், இன்றைக்குக் கொடியில் துணி இல்லை, பாத்திரமும் கழுவி முடித்தாயிற்று, கேட்டுத்தான் ஆக வேண்டும், அவள் சொல்லச் சொல்ல அந்த இருபத்தாறு வயதுக் குரல் சன்னமாகிக்கொண்டே போய், அடுப்படி வாசலில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து நிற்கிறது, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, நான் தின்னலம்மா என்கிறது, போ அங்கிட்டு, எனக்கு வேலை கிடக்கு என்கிறேன், போக மாட்டேனென்கிறது.

செண்பகாவுக்கு முதலில் வயிறுதான் கெட்டது, இரண்டாம் வகுப்பில், கை கால் எல்லாம் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு, தின்றதெல்லாம் தின்ற வேகத்தில் வெளியே போய், சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது, பூச்சி மருந்து கொடுத்தோம், சுற்றிப் போட்டோம், கோவில்பட்டியில் மூன்று டாக்டரைப் பார்த்துவிட்டுக் கடைசியில் மதுரைக்குக் கூட்டிப் போனோம், நானும் என் வீட்டுக்காரரும், அவர் பெயர் காளிராஜ், தீப்பெட்டி ஆலையில் சூப்பர்வைசர், அதிகம் பேச மாட்டார், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், மதுரை டாக்டர் பிள்ளையின் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடலுக்குள்ளே துளிர் துளிராக இருக்க வேண்டியதெல்லாம் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது, தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது, காரணம் கோதுமை, கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் நகக்கண் அளவுகூட உள்ளே போகக் கூடாது, ஆயுசுக்கும் கூடாது என்றார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இம்புட்டுத்தானா, நாங்க என்ன மூணு வேளையும் சப்பாத்தியா திங்கோம், சோறு திங்கிற ஆளுக என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன், எனக்கு எப்போதும் வாய் நீளம், வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோதுதான் சிரிப்பு போயிற்று, உப்புமாவுக்கு ரவை, பாயசத்துக்குச் சேமியா, டீக்கு ரஸ்க், பள்ளிக்கூடத்துக்கு பிஸ்கட், சத்துக்கு என்று டாக்டர்களே எழுதிக்கொடுத்த மால்ட் பொடி, தெருவில் இறங்கினால் மூலைக்கு மூலை பரோட்டாக் கல், பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் எங்கேயோ போய்க் கோதுமையில் நின்றது, அத்தனையையும் சாக்கில் அள்ளி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அலமாரியைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுச் சல்லடை வாங்கினேன்.

அப்புறம் சமைத்தேன், சும்மா சொல்லக் கூடாது, நோய் வந்த பிள்ளைக்குப் பத்தியம் என்று அழுது வடிகிற சாப்பாடு நான் ஒரு நாளும் போட்டதில்லை, கம்பை நனைத்து இடித்து உமி புடைத்து மொறுமொறுவென்று தோசை, குதிரைவாலியில் நெய் சொட்டும் பொங்கல், சோளத்தில் குழிப்பணியாரம், உளுந்தங்களியின் நடுவில் விரலால் பள்ளம் பண்ணி அதில் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும், எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு எந்தத் தடையும் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பாக்கெட்டைக் காலி பண்ணினோம், பரோட்டாதான் என்னைத் தண்ணி குடிக்க வைத்தது, பச்சரிசி மாவை வெந்நீரில் பிசைந்தால் பிய்ந்துபோகிறது, சவ்வரிசியைக் கூழாக்கிச் சேர்த்தால் கையில் ஒட்டுகிறது, பத்து நாள் நாய்க்குத்தான் விருந்து, பதினோராம் நாள் வாழையிலையில் வைத்துத் தட்டி, எண்ணெய் தடவிச் சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் போட்டதும் அடுக்கடுக்காக எழும்பி வந்தது, சால்னாவை ஊற்றி வைத்தேன், ஒரு வாய் தின்றுவிட்டு, அம்மா இது பரோட்டா இல்ல, ஆனா பரோட்டாவ விட நல்லாருக்கு என்றாள், அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை, அரவை மில்லில் எனக்குப் பெயரே முதல் ஆள், காலை ஆறு மணிக்குப் போய் நிற்பேன், கோதுமை போட்ட மெஷினில் என் மாவு விழக் கூடாது, முதலில் இரண்டு படி அரிசியைப் போட்டு ஓட்டி அந்த மாவைக் கோழிக்குத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் என் தானியம், மில்காரர், ஏக்கா, ஒங்க மகளுக்கு வரதட்சிணையா இந்த மெஷினயே எழுதிக் குடுத்துருதேன் என்பார், எழுதும்யா என்பேன், யார் சிரித்தால் எனக்கென்ன, என் பிள்ளை வயிற்றுக்குள் ஒரு தூசி போகாது, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து மாதம் கொஞ்சம் தேறினாள், கன்னத்தில் சதை வைத்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டாள், நின்றவள் இறங்க ஆரம்பித்தாள், வயிறு மறுபடி வீங்கியது, சாயங்காலமானால் வலிக்குதும்மா என்று சுருண்டு படுப்பாள், பிள்ளைக்கு வயிற்று வலி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு தாய் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தேன், பெருங்காயப் பொடியைச் சட்டியில் வாட்டி மோரில் கரைத்துக் கொடுத்தேன், குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டேன், காலையில் அரை ஸ்பூன், சாயங்காலம் அரை ஸ்பூன், வலி கூடினால் அளவைக் கூட்டினேன், ரசத்தில், சாம்பாரில், ஊறுகாயில், இட்லிப் பொடியில் போவது போக இது தனி, கசக்குதும்மா என்று வாயை மூடிக்கொள்வாள், மடியில் போட்டு மூக்கைப் பிடித்து ஊற்றினேன், அந்த மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவில் பாதிக்கு மேல் கோதுமை மாவு, பெருங்காயத்தைப் பொடியாக்க அதைக் கலந்துதான் ஆக வேண்டுமாம், ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கலாம், எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அந்த ஒரு வருஷமும் நான் ஸ்பூனோடு அவள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறேன், கனவிலும் ஓடுகிறேன், கனவில் அவள் நின்று திரும்பித் தானாகவே வாயைத் திறக்கிறாள்.

மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இறங்கியிருக்க வேண்டிய எண் ஏறியிருந்தது, டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பிள்ளை வெளிய எங்கயோ திங்கிறாம்மா, நீங்க வீட்ல எவ்வளவு பாத்தும் பிரயோஜனம் இல்ல, பள்ளிக்கூடத்துல கவனிங்க என்றார், அவ்வளவுதான், நல்ல மனுஷர் நல்லதுக்குச் சொன்னது, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அது என் தலைக்குள் ஊறியது, சாத்தூர் தாண்டுவதற்குள் எனக்கு நிச்சயமாகிவிட்டது, மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயைக் குனிந்து முகர்ந்து பார்த்தேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மறுநாளிலிருந்து கண்கொத்திப் பாம்பாக இருந்தேன், தினமும் பள்ளிக்கூடப் பையைத் தரையில் கொட்டினேன், ஒருநாள் பாவாடைப் பையில் பொடிப் பொடியாக ஏதோ இருந்தது, பழுப்பாக, பன் துணுக்கு, பன் துணுக்கேதான் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பேன், பென்சில் சீவிய தூளாக இருக்கலாம், நானே கொடுத்தனுப்பிய கடலைமிட்டாயாக இருக்கலாம், இன்றைக்கு யோசித்தால் அந்தப் பையில் ஒன்றுமே இல்லையோ என்றுகூடத் தோன்றுகிறது, தோசைக்கரண்டிக் காம்பை எடுத்தேன், முழங்காலுக்குக் கீழே அடித்தேன், வேறு எங்கேயும் அடிக்கச் சதை இல்லை, தின்னலம்மா என்றாள், கழுகுமலை முருகன் மேல சத்தியமா தின்னலம்மா என்றாள், பொய்ச் சத்தியம் வேற பண்ணுதியாட்டி என்று அதற்கும் சேர்த்து அடித்தேன், அடித்த கையோடு உட்கார வைத்து, ரசத்தை ஊற்றிச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினேன், விக்கி விக்கித் தின்றாள், மூன்று நாள் இப்படி.

நாலாம் நாள் கரண்டியை எடுத்ததுமே, ஆமாம்மா, தின்னேன் என்றாள், என்னத்தத் தின்ன, பன்னு, என்ன பன்னு, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள், தேங்காய் பன்னு என்றாள், யார் குடுத்தா, மறுபடி சுவரைப் பார்த்தாள், மாரிச்செல்வி, எப்படி இருந்துச்சு, உள்ள தேங்காப்பூ இருந்துச்சு, செவப்பா பழத்துண்டு இருந்துச்சு, மேல பளபளன்னு இருந்துச்சு, இனிப்பா இருந்துச்சும்மா, இவ்வளவு விவரமாக ஒரு பிள்ளை இல்லாததைச் சொல்லுமா என்று நினைத்தேன், நோய்க்கு முன்னால் அந்தப் பன்னை அவள் நூறு தடவை தின்றிருக்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை, எனக்கு அப்படி ஒரு நிம்மதி, வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதிதான், என் சமையலில் குற்றம் இல்லை, கரண்டியைக் கீழே போட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், இனிமே திங்க மாட்டியேட்டி, மாட்டேம்மா, அடி நின்றது, அடியை நிறுத்தியது அந்தப் பன், அதனால் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் எப்போது கேட்டாலும் அதே பன், அதே பழத்துண்டு, சொல்லச் சொல்ல ஒன்றிரண்டு கூடியும் வந்தது.

மாரிச்செல்வி வகுப்பில் அவள் பக்கத்து இடத்துப் பிள்ளை, அப்பா பேக்கரியில் அடுப்பு வேலை, சாயங்காலம் உடைசல் பன்னும் ரொட்டித் துண்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார், மறுநாள் மதியச் சாப்பாடாக அதுவேதான் அந்தப் பிள்ளைக்கு, எனக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா, முதல் மணி அடிக்கும் முன்பே வகுப்புக்குப் போய் நின்றேன், டீச்சர் தடுத்தும் கேட்கவில்லை, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவளை எழுந்து நிற்கச் சொன்னேன், என் பிள்ளையக் கொல்லப் பாக்கியா, ஒங்க வீட்டு எச்சிப் பன்னத் திங்க என் பிள்ளைதான் கெடச்சாளா என்று கேட்டேன், எச்சில் என்று சொன்னேன், சொன்ன வாய் இதே வாய்தான், அந்தப் பிள்ளை அழவில்லை, என் முகத்தைப் பார்த்து, நான் குடுக்கல அத்த, அவ கேட்டாலும் குடுக்க மாட்டேன், அவளுக்குச் சேராதுன்னு எனக்குத் தெரியும், நான் தின்னுட்டுக் கை கழுவிட்டுத்தான் அவளத் தொடுவேன் என்றாள், எட்டு வயது, அவ்வளவு தெளிவாகச் சொன்னாள், பொய் சொல்லுதா பாருங்க டீச்சர் என்றேன், செண்பகா தலையைக் குனிந்துகொண்டு மேசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் தனியே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், அவளோடு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை, கோடை லீவுக்குப் பிறகு அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

பன் போயிற்று, மாரிச்செல்வி போனாள், நோய் போகவில்லை, ஒன்பது வயது நிறையும்போது செண்பகாவின் எடை பதினாறு கிலோ, ஒரு வெள்ளிக்கிழமை கொல்லையில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடினோம், கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள், உப்புச் சத்து தாறுமாறாக இறங்கியிருக்கிறது, இரண்டு நாள் போகட்டும், இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள், அந்த இரண்டு நாளும் நான் அவள் காதில், எங்கயோ தின்ன, சொல்லிரு தாயி, யார் குடுத்தா, அம்மா அடிக்க மாட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், கண்ணைத் திறக்காமலே, மாரிச்செல்வி என்றாள், மூன்றாம் நாள் கண் விழித்தாள், அப்போதுதான் அந்த வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள், ஃப்ளோரா என்று பெயர், நோயாளிகளுக்கு உணவு சொல்லிக்கொடுக்கிறவள், என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நாளைக்கு ஒங்க அடுப்படியில இருக்கிற டப்பா அத்தனையும் எடுத்துட்டு வாங்கக்கா, உப்பு டப்பாகூட விடாதீங்க என்றாள், எனக்குச் சுருக்கென்றது, என் அடுப்படியையா சோதிக்கப் போகிறாய், வா பார் என்று இரண்டு கட்டைப் பையில் அடைத்துக் கொண்டுபோய் அவள் மேசையில் பரப்பினேன், ஒவ்வொன்றாகத் திறந்தாள், முகர்ந்தாள், லேபிளைப் படித்தாள், சுத்தமா வச்சிருக்கீங்கக்கா என்றாள், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மஞ்சள் டப்பாவைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நகத்தால் தொட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, இத எவ்வளவு போடுவீங்க என்றாள்.

சொன்னேன், ரசத்துக்கு, சாம்பாருக்கு, அப்புறம் வலி வந்தா மோர்ல என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன், அக்கா, இதுல கோதுமை மாவு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது, படிச்சவங்களுக்கே தெரியாது, மனச விட்றாதீங்க, இன்னைக்கே வீட்ல எல்லார்ட்டயும் சொல்லி மாத்திருங்க என்றாள், எல்லாரிடமும் சொல்லியா, ஆஸ்பத்திரி மாடிப்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, என் உள்ளங்கையில் அந்த வாடை அடித்தது, எழுந்து டப்பாவைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவி, வார்டுக்குப் போய், கட்டிலோரம் உட்கார்ந்திருந்த காளிராஜிடம், பெருங்காயம் சூடாம், மருந்தோட சேராதாம், இனிமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க என்றேன், அவர் சரி என்றார், பிறகு செண்பகாவிடமும் அதையே சொல்லி எங்கேயும் பெருங்காயம் தொடாமல் பழக்கினேன், அவ்வளவு சுலபமாக இருந்தது, மூன்று மாதத்தில் பிள்ளைக்குத் தலைமுடி வந்தது, ஆறு மாதத்தில் ஓடினாள், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரர், இவ அம்மா அந்தத் திருட்டுத் தீனியக் கண்டுபிடிச்சு நிறுத்துனா, அதான் பிள்ளை பொழச்சா என்று சொன்னார், செண்பகா வெட்கப்பட்டுச் சிரிப்பாள், நான் டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பயம், வேறென்ன, சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம், பத்து வயதாகட்டும் என்று நினைத்தேன், பெரியவளாகட்டும் என்று நினைத்தேன், பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன், பிறகு நினைப்பதையே விட்டுவிட்டேன், ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து, அத்த, செண்பகா நல்லாருக்காளா என்று கேட்டாள், மாரிச்செல்விதான், அந்தக் கண்ணை மறக்க முடியுமா, நல்லாருக்கா என்று சொல்லிவிட்டு என் ஊருக்குப் போகாத ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

கூடத்தில் கதை முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது, ஓரத்தில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அம்மா அடிச்ச அடியில உண்மையச் சொல்லிட்டேன், அந்த அடி இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல என்கிறாள் செண்பகா, இசக்கிராஜா சிரிக்கிறான், அப்ப ஆபீஸ்ல இருந்து வந்ததும் ஒன் பையச் சோதிச்சுட்டுத்தான் உள்ள விடணும் என்கிறான், விளையாட்டுக்குத்தான் சொல்கிறான், அவளும் சிரித்துக்கொண்டே, ஆமா, என்னைய நம்பிராதீங்க, தின்னுட்டுத் தின்னலன்னு சத்தியம் பண்ணுவேன், எழுதிக்கோங்க என்கிறாள், அவன் நோட்டில் பேனா ஓடுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கிறது, கேட்கிறதா, எனக்குக் கேட்கிறது, அடுத்த வருஷம் திருநெல்வேலியில் ஒரு வீட்டில் இவளுக்கு வயிறு வலிக்கும், ஏதோ ஒரு கடைப் பொடியில், ஏதோ ஒரு கல்யாணவீட்டுச் சாம்பாரில் தெரியாமல் போயிருக்கும், தின்னல என்பாள், அந்த வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள், அவளே நம்ப மாட்டாள், நான் அடுப்பை அணைத்தேன்.

ஈரக் கையோடு கூடத்தில் போய் நின்று, அவ எதுவும் திங்கல என்றேன், மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள், நான்தான் குடுத்தேன், பெருங்காயத்துல கோதுமை மாவு இருந்துருக்கு, தெரியாமத் தெனம் குடுத்தேன், தெரிஞ்சப்புறமும் சொல்லல, என்னைய நல்லவளாக்கிக்கிட்டு ஒன்னையத் திருடியாக்கிட்டேன் என்றேன், பதினேழு வருஷம் வாய்க்குள் கிடந்தது சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, காளிராஜ் பேப்பரை மடித்து வைத்து, என்ன சொல்லுத நீ என்றார், பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், இசக்கிராஜா நோட்டை மூடினான், செண்பகாதான் சிரித்தாள், இல்லம்மா, நீ எதையோ போட்டுக் கொழப்பிக்கிற, நான் தின்னேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு என்றாள், பள்ளிக்கூடத்துக் குழாயடியில நின்னு அவ பாதியப் பிச்சுக் குடுத்தா, தேங்காப்பூ பாவாடையில சிந்துச்சு, அதையும் பெறக்கித் தின்னேன், அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கும்மா, அப்புறம் நான் எத்தனையோ தின்னுட்டேன், அதுக்கு ஈடா ஒண்ணுகூட இல்ல என்றாள், அது நீ அடி தாங்காமச் சொன்னது தாயி, அப்படி ஒரு பன்னே கெடையாது என்றேன், அவள் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, கண் மட்டும் சுவருக்குப் போனது, உதடு அசைந்தது, எதையோ தேடித் தேடிப் பார்க்கிறவள்போல இருந்தாள், பிறகு, அப்ப மாரிச்செல்வி என்றாள், அவ குடுக்கல என்றேன்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இலை போட்டேன், மணி ஒன்றரை, வந்த பிள்ளை பசியோடு போகக் கூடாது, காளிராஜ் தெருமுனையில் நிற்கிறார், கூப்பிட்டதற்கு வரவில்லை, இரண்டு இலை, சோறு வைத்தேன், வெண்டைக்காய் வைத்தேன், ரசம் ஊற்றினேன், ஆவி பறக்கிறது, இசக்கிராஜா இலையைப் பார்த்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கிறான், இவளுக்கு ஒரு பழக்கம் உண்டு, நான்தான் பழக்கினேன், கடையோ, கல்யாண மண்டபமோ, தோழி வீடோ, எங்கே இலையில் உட்கார்ந்தாலும் பரிமாறுகிறவர்களை நிறுத்தி என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள், என் வீட்டில், என் கையால் போட்டதை ஒரு நாளும் கேட்டதில்லை, நிமிர்ந்து பார்க்கிறாள், கண்ணில் கோபம் இல்லை, கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன், முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கிற மரியாதையோடு, இதுல என்னெல்லாம் போட்டிருக்கம்மா என்கிறாள், நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று சொல்கிறேன், புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, வற்றல், கடுகு, கறிவேப்பிலை, மல்லித்தழை, உப்பு, நல்லெண்ணெய், சொல்லி முடித்துவிட்டேன், வேற என்கிறாள், வேற ஒண்ணும் இல்லட்டி என்கிறேன், அவள் இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை.